எண்ணப்பட்ட பெண்கள்

நாளிதழ்களின் மகளிர் இணைப்பிலும் மருத்துவப் பக்கத்திலும் வரும் செய்திகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: ஆய்வில் தெரியவந்துள்ளது. தினமும் இத்தனை நிமிடம் நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று தெரியவந்துள்ளது. ஒரே ஒரு தடுப்பூசி போதும் என்று தெரியவந்துள்ளது. வினிகரைத் தடவிப் பார்த்தே புற்றுநோயின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று தெரியவந்துள்ளது.

தெரியவருதல் ஒரு விசித்திரமான வினை. அதற்குச் செய்பவர் இல்லை. மழை வந்தது, காய்ச்சல் வந்தது என்பதுபோல அறிவும் எங்கிருந்தோ கிளம்பித் தானாக நம் வாசலுக்கு வந்துவிட்டதாக அந்த வாக்கியம் சொல்கிறது. நாமும் படிக்கிறோம், கத்தரித்து வைத்துக்கொள்கிறோம், மகளுக்கோ தங்கைக்கோ சொல்கிறோம். யார் உடலிலிருந்து தெரியவந்தது என்று கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆய்வுகளை நம்ப வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் உலகில் இறக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியப் பெண். இந்த நோயைப் பொறுத்தவரை அறிவியலைச் சந்தேகிக்கும் சொகுசு நமக்கில்லை. நம்பக்கூடிய ஓர் அறிவு எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்ட பிறகு நாம் என்ன செய்வது என்பதுதான் எனக்குள்ள சிக்கல்.

வினிகரிலிருந்தே தொடங்குவோம். அசிட்டிக் அமிலத்தை நான்கு சதவீத அளவில் நீரில் கலந்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மாறத் தொடங்கியிருக்கும் திசு வெள்ளையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், இரண்டு வாரம் கழித்து முடிவு வாங்க இன்னொரு முறை பேருந்து ஏறி வர வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கலாம். தேவைப்பட்டால் அன்றே அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் தரலாம். கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனை உயிரைக் காக்கும் என்பதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியவை. பணம் அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. 114 ஊராட்சிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. குலுக்கல் போல, எந்தச் சார்பும் இல்லாமல் 57 ஊராட்சிகள் ஒரு பக்கம், 57 ஊராட்சிகள் மறுபக்கம். முதல் பக்கத்து ஊர்களில் 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்கள்; அவர்கள் ஒருமுறை சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். மறுபக்கத்து ஊர்களில் 30,958 பெண்கள். அவர்களுக்குச் சோதனை இல்லை. வழக்கமாக என்ன கிடைக்குமோ அதுவே கிடைத்தது. அன்றைக்கு ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இந்த நோய்க்காக வழக்கமாகக் கிடைத்த முன்சோதனை என்று எதுவும் இல்லை.

2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் உண்டாவது 25 சதவீதம் குறைந்திருந்தது. அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவிகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முடிவுரையோடு நிறுத்திவிடாதீர்கள், அட்டவணைக்குப் போங்கள். சதவீதங்கள் அங்கேதான் மனிதர்களாக மாறுகின்றன. சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். எண்ணிக்கையில் மிகச் சிறியதான மறுபக்கத்தில் இறந்தவர்கள் 92 பேர். அந்த 35 சதவீதம் என்பது இந்த 92 பேர் இல்லாமல் கணக்கிட முடியாத எண்.

அவர்களை ஆய்வுமொழி ஒப்பீட்டுக் குழு என்கிறது. செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு நாமெல்லாம் கற்பனையில் பதில் தேடுவோம். ஒப்பீட்டுக் குழு அந்தப் பதிலை வாழ்ந்து காட்டுவது. அல்லது இறந்து காட்டுவது.

திண்டுக்கல் தனி நிகழ்வல்ல. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய ஆய்வில் 1,31,746 பெண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு எச்.பி.வி. கிருமியைக் கண்டறியும் சோதனை, இன்னொன்றுக்குப் பாப் ஸ்மியர், மூன்றாவதற்கு வினிகர், நான்காவதற்கு ஒன்றுமில்லை. எச்.பி.வி. சோதனைக் குழுவில் 34 பேர் இந்நோயால் இறந்தார்கள். ஒன்றுமில்லாத குழுவில் 64 பேர். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998இல் டாடா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் 76,178 பேர் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்குப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுப் பேச்சு கிடைத்தது, சோதனை கிடைக்கவில்லை. அந்த ஆய்வுக்கு அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பணம் தந்தது. இறப்பு 31 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2013இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் மாநாட்டு மேடையில் அறிவிக்கப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. வினிகர், ஏழைப் பெண்கள், எளிய தீர்வு. செய்திக்கு வேறென்ன வேண்டும்?

எரிக் சூபா என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் மட்டும் வேறு கணக்குப் போட்டார். மூன்று ஆய்வுகளிலும் சேர்த்துச் சோதனை தரப்படாத பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைந்தது 254 பேர். 2014இல் ‘இந்திய மருத்துவ அறவியல் இதழி’ல் அவர் இதை எழுதினார். அதற்கு முன்பே அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவர் புகார் கொடுத்திருந்தார். மும்பை ஆய்வில் பெண்களிடம் விவரம் சொல்லி ஒப்புதல் வாங்கிய விதம் போதுமானதாக இல்லை என்று அந்த அலுவலகம் கண்டது.

ஆய்வாளர்களின் பதிலை அதன் முழு வலுவோடு வைக்க வேண்டும். ஏனென்றால் அது எளிதில் தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல. அவர்கள் சொன்னது இது: பாப் ஸ்மியர் திட்டத்தை இந்தியா முழுவதும் நடத்த ஆய்வகங்களும் இல்லை, ஆட்களும் இல்லை. ஆகவே மலிவான மாற்று வேண்டும். அந்த மாற்று உயிரைக் காக்கிறதா என்று 1998இல் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் கோடிக்கணக்கான பெண்களுக்கு அதைத் தருவதும் அறமல்ல. ஒரு சுகாதாரச் செயலாளர் கேட்கப்போகும் கேள்வி, ‘இப்போது இருக்கும் நிலையைவிட இது மேலா’ என்பதுதான். இப்போது இருக்கும் நிலை சோதனையின்மை. ஆகவே சோதனையின்மையோடுதான் ஒப்பிட வேண்டும். உஸ்மானாபாத் முடிவும் இந்தத் தரப்புக்குச் சாதகமாகவே இருக்கிறது. அங்கே வினிகர் சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, பாப் ஸ்மியரும் குறைக்கவில்லை, எச்.பி.வி. சோதனை மட்டுமே குறைத்தது. முன்கூட்டியே எல்லாம் தெரிந்திருந்தது என்று இப்போது பேசுபவர்களுக்கு இது நல்ல பதில். இந்த ஆய்வுகளை நடத்தியவர்களில் பலர் வாழ்நாளெல்லாம் இந்த நோயோடு மல்லுக்கட்டிய இந்திய மருத்துவர்கள். அவர்களைக் கொடியவர்களாகச் சித்திரித்தால் கட்டுரை எளிதாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும்.

இந்தப் பதிலின் அடியில் ஓடும் வாதம்: அந்தப் பெண்கள் எதையும் இழக்கவில்லை. ஆய்வே நடந்திராவிட்டாலும் அந்த 92 பேர் இறந்திருப்பார்கள். ஆய்வு நடந்ததால் மறுபக்கத்தில் சிலர் பிழைத்தார்கள். யாருக்கும் இழப்பில்லை, சிலருக்கு லாபம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

கணக்கு சரி, ஆனால் அது ஓர் உறவைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பெண் யாருடைய கண்ணிலும் படாமல் நோயில் இறப்பது ஒன்று. அவள் பெயர், வயது, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போய், அவள் உயிரோடு இருக்கிறாளா, எதனால் இறந்தாள் என்று ஏழாண்டுகள் கவனித்திருப்பது இன்னொன்று. முதலாவதில் அவளைக் கைவிட்டது அரசு, சமூகம், வறுமை என்று சொல்லலாம். அந்தக் குற்றம் எல்லார் மீதும் மெல்லிசாகப் படர்ந்திருக்கும். இரண்டாவதில் ஒருவர் அவள் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறார். பக்கத்து ஊராட்சியில் செய்வதை இந்த ஊராட்சியில் செய்யாமல் இருப்பது என்று யோசித்துத் தீர்மானித்திருக்கிறார். முன்பு அது வெறும் இல்லாமை. இப்போது அது ஒரு திட்டம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியரும் எண்ணிவிட்டுத்தானே போகிறார், அவருக்கு ஏன் இந்தக் கடமையைச் சுமத்துவதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கெடுப்புக்கு நம் சாவு தேவையில்லை. ஒருவரும் சாகாவிட்டாலும் அது முழுமையான கணக்கெடுப்புத்தான். இறப்பைக் குறைக்கிறதா என்று அறியும் ஆய்வு அப்படிப்பட்டதல்ல. ஒப்பீட்டு ஊர்களில் போதுமான எண்ணிக்கையில் பெண்கள் இறக்காவிட்டால் ஆய்வுக்கு முடிவே கிடைக்காது. யாரும் அந்தச் சாவுகளை விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆய்வின் வடிவமைப்பு அவற்றை எதிர்பார்த்திருந்தது. எத்தனை பேரைச் சேர்த்தால் எத்தனை இறப்புகள் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் இத்தகைய ஆய்வுகளின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. ஒருவருடைய மரணம் நமக்கு ஒரு விடையைத் தரப்போகிறது என்று தெரிந்து நாம் காத்திருக்கும்போது, அவருக்கும் நமக்கும் இடையில் ஏதோ உண்டாகிவிடுகிறது. அதைக் கடன் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம், ‘வழக்கமாகக் கிடைப்பது’ என்ற சொற்றொடர். பருவமழைபோல அது ஏதோ இயற்கை நிலவரம் என்பதாகவே ஆய்வுக் கட்டுரைகளில் வருகிறது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் வாழும் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்றால், அதே நகரத்தில், நாட்டின் தலைசிறந்த புற்றுநோய் மருத்துவமனைக்குப் பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் அவர்கள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே நகரத்தில் பணமுள்ள பெண் பாப் ஸ்மியர் செய்துகொண்டிருந்தாள். வழக்கம் யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது வர்க்கமும் சாதியும். அந்த ஏற்றத்தாழ்வை ஆய்வு உண்டாக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

மேற்கு நாடுகளில் இப்படியொரு ஆய்வு நடந்ததே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1949 முதலே பாப் ஸ்மியர் சோதனை நடைமுறைக்கு வந்தது. பின்னர் நார்டிக் நாடுகளில், பிரிட்டனில். இறப்பு குறைந்துகொண்டே வந்தது. பாதிப் பெண்களுக்குச் சோதனை தராமல் விட்டு எத்தனை பேர் சாகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் தொடங்குவோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. குறைந்த சான்றோடு அவர்களுக்குச் சோதனை கிடைத்தது. நம் பெண்களுக்குச் சோதனை கிடைக்க உயர்ந்த தரச் சான்று தேவைப்பட்டது. ஏழைகளிடம் ரேஷன் கடையில் கேட்கும் ஆவணங்கள் பணக்காரரிடம் எங்கும் கேட்கப்படுவதில்லை. கிட்டத்தட்ட அதே கதை.

மேற்கில் ஓரிடத்தில் மட்டும் வேறுவிதமாக நடந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், தேசிய மகளிர் மருத்துவமனையில், ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர் 1966 முதல் ஓர் ஆய்வு நடத்தினார். புற்றுநோய்க்கு முந்தைய நிலை இருப்பதாகக் கண்டறியப்பட்ட பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் கவனித்துவந்தார். அது புற்றுநோயாக மாறாது என்பது அவர் நம்பிக்கை. பலருக்கு மாறியது. சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்ணியவாதிகள் 1987இல் ‘மெட்ரோ’ இதழில் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு விசாரணை அமைத்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் அறிக்கை 1988இல் வந்தது. நோயாளிகளின் உரிமைகள் அந்நாட்டில் சட்டமாவதற்கு அதுவே வழிவகுத்தது. அங்கே நோயின் தொடக்கம் கண்டறியப்பட்ட பிறகு சிகிச்சை மறுக்கப்பட்டது, இங்கே கண்டறிவதே தரப்படவில்லை. இரண்டும் ஒன்றல்ல, நம்முடையது குறைந்த குற்றம்தான். ஆனால் அங்கே அந்தப் பெண்களுக்கு ஒரு விசாரணை கிடைத்தது, நாடு அவர்களைக் கேட்டது. திண்டுக்கல்லின் 92 பேரைப் பற்றித் தமிழில் நாம் பேசியது எவ்வளவு?

வேறு வழி இருந்ததா? இருந்தது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 1986இல் கல்லீரல் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்க ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைக் கொண்டுவந்தபோது, எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியவில்லை. ஆகவே பகுதி பகுதியாக, நான்கு ஆண்டுகளில் நாடு முழுவதும் போய்ச் சேரும்படி திட்டமிட்டார்கள். முன்னால் பெற்ற குழந்தைகளையும் பின்னால் பெற்ற பகுதிகளில் அதற்குள் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். எந்தப் பகுதியும் கடைசிவரை வெறுங்கையோடு நிற்கவில்லை. அதை நடத்தியதில் அதே லியோன் முகமைக்கும் பங்குண்டு. அண்மையில் கென்யாவில் ஒரு தவணை எச்.பி.வி. தடுப்பூசியைச் சோதித்தபோது, ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களுக்கு மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசி முதலில் போடப்பட்டது, எச்.பி.வி. ஊசி பின்னர் தரப்படுவதாகத் திட்டம். இத்தகைய வழிகளுக்கு விலை உண்டு. ஒப்பீட்டுக் காலம் சுருங்கும், இறப்பு பற்றிய பதில் அவ்வளவு கூர்மையாக வராது. அந்தக் கூர்மைக்கு யார் விலை கொடுப்பது என்பதைத் தீர்மானித்த அறையில் அந்த ஊர்ப் பெண்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்னபிறகும் ஒரு சொல்லை மட்டும் நான் எதிர்க்க விரும்புகிறேன். நல்ல மனதோடு எழுதுபவர்கள் இப்பெண்களைத் தியாகிகள் என்பார்கள். அவர்களின் தியாகத்தால் லட்சக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள் என்பார்கள். பெண் இழந்ததையெல்லாம் தியாகம் என்று பெயர் மாற்றிப் பரணில் ஏற்றி வைப்பதில் நம் சமூகத்துக்கு நீண்ட பயிற்சி இருக்கிறது. படிப்பை விட்டவள், பாகச் சொத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தவள், கடைசியில் மிச்சமிருந்த சோற்றைத் தின்றவள், எல்லாரும் தியாகிகள். தியாகம் செய்ய வேண்டுமென்றால் எதை விடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், விடாமல் இருக்கவும் முடிந்திருக்க வேண்டும். ஊராட்சி முழுவதையும் குலுக்கலில் ஒரு பக்கம் சேர்த்த ஓர் ஆய்வில் அந்த ஊர்ப் பெண்ணுக்குத் தேர்வு எங்கே இருந்தது? எடுத்துக்கொண்டதைக் கொடுத்ததாகச் சொல்லும்போது கடன் தள்ளுபடியாகிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல் எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது.

ஒப்புதல் என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. வெள்ளைப்படுதலைக்கூடக் கணவனிடம் சொல்லக் கூசும் பெண், முன்பின் தெரியாதவர் நீட்டிய தாளில் கைநாட்டு வைப்பதை ஒப்புதல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் எதற்கு ஒப்பினாள்? எண்ணப்படுவதற்கா? எண்ணப்பட்டும் கவனிக்கப்படாமல் இருப்பதற்கா?

இங்கே பெண்ணியவாதிகள் தரப்புக்கே சங்கடமான ஒரு கதைக்கு வர வேண்டியிருக்கிறது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுவரையிலான சிறுமிகள் ஏறக்குறைய 24,000 பேருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் சேர்ந்து செய்த திட்டம். டெல்லியின் ‘சமா’ உள்ளிட்ட பெண்கள் நல அமைப்புகள் 2010 மார்ச்சில் கம்மத்துக்குப் போய்ப் பார்த்தன. பழங்குடி மாணவியர் விடுதிகளில் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். அரசு அமைத்த குழு அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. பாம்புக் கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் முறையற்றது என்பதை யாரும் மறுக்க முடியவில்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழுவின் 72ஆவது அறிக்கை மிகக் கடுமையாக எழுதியது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அதோடு நாட்டில் நடந்துகொண்டிருந்த மற்ற எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளும் நிறுத்தப்பட்டன.

அப்படி நின்றுபோனவற்றில் ஒன்று, இரண்டு தவணை போதுமா அல்லது மூன்று வேண்டுமா என்று பார்க்க 2009 செப்டம்பரில் பல மாநிலங்களில் தொடங்கிய ஆய்வு. அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். 20,000 சிறுமிகளைச் சேர்ப்பதாக இருந்தது. 17,729 பேரோடு நின்றது. பாதியில் நின்றதால் 4,950 பேருக்கு ஒரே ஒரு ஊசி மட்டும் போடப்பட்டிருந்தது. யாரும் திட்டமிடாத ஒரு குழு அது. ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: நிலைத்துத் தங்கும் 16, 18 வகைத் தொற்றுகளுக்கு எதிராக ஒரு தவணையின் பாதுகாப்பு 95.4 சதவீதம். மூன்று தவணைக்கு 93.3. நடைமுறையில் வித்தியாசமே இல்லை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதும் என்று சொன்னதற்கு இந்தச் சிறுமிகளும் ஒரு காரணம். மூன்று ஊசிக்கு ஆகும் செலவில் மூன்று சிறுமிகளைக் காக்கலாம் என்ற நிலை உலகின் ஏழை நாடுகளுக்கெல்லாம் உருவானது.

பெண்கள் அமைப்புகள் கேள்வி கேட்டதால் ஆய்வு நின்றது; ஆய்வு நின்றதால் இந்த அறிவு கிடைத்தது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, அறமும் அறிவியலும் கைகோத்தன என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுத மாட்டேன். தற்செயலை யாரும் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது. மறுதரப்பில், பெண்ணியவாதிகள் கூச்சல் போட்டதால்தான் இந்தியாவில் தடுப்பூசி பத்தாண்டுகளுக்கு மேல் தள்ளிப்போனது, அதற்குள் எத்தனை பெண்கள் தொற்றுக்கு ஆளானார்களோ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாமதம் உண்மை. அதன் விலையும் உண்மை. அதைக் கொடுத்தவர்களும் பெண்கள்தான். ஆனால் வார்டனின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் பேசாமல் திரும்பியிருக்க வேண்டுமா? கேள்வி கேட்டவர்கள் மீது தாமதத்தைச் சுமத்துபவர்கள், முறையாக ஒப்புதல் வாங்கியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது என்பதைச் சொல்வதில்லை. ஊசி நல்லதா என்பதும் அதைப் போட்ட விதம் நல்லதா என்பதும் இரண்டு கேள்விகள். தடுப்பூசிக்கு எதிரான வதந்திகள் பெருகியிருக்கும் இந்நாளில் இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பது கடினம். என் மகளுக்கு ஊசி போடுவேன், அந்த விடுதிகளில் நடந்தது தவறு என்றும் சொல்வேன் என்கிற பெண்ணை இரு தரப்புமே சந்தேகமாகப் பார்க்கின்றன.

இப்படி உண்டான அறிவைப் பயன்படுத்தலாமா என்று மாணவிகள் சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். மறுப்பதால் இறந்தவர்களுக்கு ஒன்றும் திரும்பி வராது. சோதனை செய்துகொள்ளாத பெண்களின் எண்ணிக்கைதான் கூடும். கேள்வி, கடன் யாரிடம் எப்படித் திரும்பிப் போகிறது என்பது. ஒரு மாவட்டத்தின் பெண்கள் உலகத்துக்கு ஒரு விடையைத் தந்திருந்தால், அந்த விடை முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு நின்ற 57 ஊராட்சிகளின் பெண்கள் ஒவ்வொருவருக்கும், நீங்கள் இதில் இருந்தீர்கள், முடிவு இது, இனி இந்தச் சோதனை உங்களுக்கு உரிமையாகக் கிடைக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். நன்றி சொல்வதல்ல நான் சொல்வது. திருப்பிக் கொடுப்பது.

தமிழக அரசு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. மற்ற மாநிலங்களோடு பார்த்தால் நாம் முன்னால் நிற்கிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, 30 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் இந்தச் சோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். திண்டுக்கல் முடிவு வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பெண்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்று இதற்குப் பொருள்.

அந்த ஒப்பீட்டு ஊர்களில் 2000ஆம் ஆண்டில் 30 வயதோடு இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆய்வில் இருந்தவர்களிலேயே வயதில் இளையவள். அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருந்திருந்தால், அந்த மகள் வளர்ந்து பெற்ற குழந்தைக்கு ஒரே ஊசியில் பாதுகாப்புக் கிடைக்கும் காலம் இது. ஆனால் அவளுக்கு? குடும்ப நல ஆய்வு பெண்களிடம் 49 வயதுவரைதான் கேள்வி கேட்கிறது. ஐந்தாம் சுற்றின் ஆட்கள் 2020இல் தமிழ்நாட்டு வீடுகளின் கதவைத் தட்டியபோது அவளுக்கு 50 ஆகியிருந்தது. வீட்டில் மருமகள் இருந்தால் அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். சோதனை செய்துகொண்டீர்களா என்று இவளிடம் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.